குச்சி ஊன்றாத காடு

ராயக்கோட்டை,
12-10-2006.

அன்புள்ள பேத்தி மேகலாவுக்கு, ஆயா பூவம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம். உன் முழங்கை வீக்கம் வடிந்ததா?

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பன் மூக்கண்டப்பள்ளியிலிருந்து வந்தான். விமானம் ஓட்டக் கற்றது போதும், வீட்டுக்கு வந்துவிடு என்று உனக்கு எழுதச் சொன்னான். இருபது வருஷமாகக் கம்பெனியில் மெஷினோடு கிடக்கிறேன், எது எப்போது நிற்கும் என்று எனக்கே தெரியாது, இவள் அதை நம்பி வானத்துக்குப் போகிறாளே என்கிறான். நான் சொன்னால் நீ கேட்பாயாம். சரி, எழுதுகிறேன் என்றேன்.

சந்தையில் நாராயணம்மா, உன் பேத்தி கடலைக்காட்டில் இறங்கினாளாமே, களை பறிக்கவா என்று கேட்டாள். இன்ஜின் நின்ற பிறகும் விமானத்தைத் தூங்குகிற பிள்ளை மாதிரி இறக்கி வைத்தவள் அவள், உன் பேரன் ஓடுகிற மொபெட்டையே வேலியில் விடுகிறவன் என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

நீ போனில் சொன்னதெல்லாம் இன்னும் காதிலேயே இருக்கிறது. சத்தம் நின்றதும் காற்று மட்டும் கேட்டதாமே. இறங்கியதும் அந்த ஊர்ப் பெண்கள், பாரம் இழுத்து வந்த மாட்டுக்கு ஊற்றுகிற மாதிரி விமானத்தின் மூக்கில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்களாமே. சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்புறம் அழுதாய். கிளம்பும் முன்னால் பெட்ரோலைக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், கலந்திருந்தால் இன்ஜின் நின்றுவிடுமாம். அன்றைக்கு அவசரத்தில் பார்க்கவில்லை, இது யாருக்கும் தெரியாது என்றாய்.

உன் அப்பனிடம் நான் சொல்லவில்லை. உன் வாத்தியாரிடம் நீயே சொல்லிவிடு கண்ணு. அவர் அனுப்பிவிட்டால் வா, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். திரும்ப ஏறச் சொன்னால் ஏறு. பயந்துகொண்டு மட்டும் வராதே.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கனவு. ஓசூர்ப் பக்கமிருந்து வெள்ளையாக ஒரு விமானம், சத்தமே இல்லாமல், கோட்டை மலையைச் சுற்றிப் பருந்து போல இறங்குகிறது. கீழே நம் மேட்டுக்காடு முழுக்கத் தக்காளிக்கு ஊன்றிய குச்சி. ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறேன். பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. விமானத்துக்கு அவசரமில்லை, நான் முடிக்கட்டும் என்று மேலேயே மிதக்கிறது. அதன் நிழல் என் முதுகின்மேல் குளிர்ச்சியாகப் போகிறது.

நீ இறங்கிய காட்டுக்காரர், கடலை பறித்தபின் நிலத்தைச் சும்மா விட்டிருந்தாரே, அவர் பெயரைக் கேட்டு எழுது. குலசாமிக்குப் பொங்கல் வைக்கும்போது சொல்ல வேண்டும்.

இந்தப் போகம் மேட்டுக்காட்டில் நான் தக்காளி வைக்கவில்லை. நிலம் கொஞ்சம் ஓயட்டும் என்று உன் அப்பனிடம் சொன்னேன். நீ இந்தப் பக்கம் பறந்து வரமாட்டாய், தெரியும். யார் வீட்டுப் பிள்ளையாவது வரலாம். கிணற்றிலிருந்து தார் ரோடு வரைக்கும் ஒரு குச்சி கிடையாது.

வேளைக்குச் சாப்பிடு. தினமும் குப்பியில் பிடித்துப் பார்த்துவிட்டு ஏறு. சாமி துணையிருக்கும்.

இப்படிக்கு,
உன் ஆயா
பூவம்மாள்