சேஸில் இருந்த நம்பர்

பம்மல்,
புதன்கிழமை.

அன்புள்ள எப்சிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? ஜெரூஷா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சின்ன விஷயம்தான். வைத்தீஸ்வரன் சார் பட்டாளத்தில் தான் ஓட்டிய லாரியையே ஏலத்தில் எடுத்தார் அல்லவா? அதை முழுக்கப் பிரித்து, முதலில் சேஸில், அதுதான் வண்டியின் அடிச்சட்டத்தில், துரு எடுத்தோம். சனிக்கிழமை நான் கிரைண்டர் போட்டதில், சேஸில் அடித்திருந்த நம்பரும் துருவோடு போய்விட்டது. எனக்கு அது எழுத்தாகவே தெரியவில்லை.

நம்பர் இல்லாவிட்டால் திருட்டு வண்டி என்பார்கள். பதிவு செய்யமுடியாது, ரோட்டில் ஓட்டமுடியாது. சார் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"கண்ணு நல்லா தெரியும்னு சொன்னீங்களே, டெனிஸ்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அன்று சாப்பிட்டிருப்பேன்.

கவலைப்படாதே, வேலை போகவில்லை. பெயின்ட் அடித்து ஷெட்டிலேயே நிறுத்திவிடலாம் என்கிறார். ஓடப்போகாத வண்டிக்கு இன்று பிரேக் மாட்டினேன்.

யாராவது தாம்பரம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாயும் என் பழைய போர்வையும் கொடுத்துவிடு. பீரோவில் துணிக்கு அடியில் என் கண்ணாடி இருக்கும். மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். கண்ணாடி போட்டவனுக்கு வேலை தரமாட்டார்கள் என்று பயந்து நானேதான் வைத்துவிட்டு வந்தேன். அதையும் அனுப்பு.

சார் கூப்பிடுகிறார். உடனே பதில் போடு. கண்ணாடி வரும்வரை எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது.

உன்
டெனிஸ்