உயிரோடு இருப்பவருக்கு வைத்த நினைவுக்கல்லை அகற்றக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி கோணாமலை சீதேவிப்பிள்ளை,
தலைவி, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
பழுகாமம்.

பெறுநர்:
வைத்திய அத்தியட்சகர் அவர்கள்,
பிரதேச ஆதார வைத்தியசாலை.

விடயம்: இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவின் வாசற்கல்லில், உயிருடன் இருக்கும் என் கணவரை ‘அமரர்’ எனப் பொறித்திருப்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் கோணாமலை இறக்கவில்லை. நான் இதை எழுதும் இந்நேரம் அவர் முற்றத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு மனுவை இப்படித் தொடங்க வேண்டி வந்ததற்குத் தங்கள் வைத்தியசாலையே பொறுப்பு.

2. சென்ற வருடத்துக்கு முந்திய மாரியில், வயல் சேற்றில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வந்து இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின. அப்போது தங்களிடம் இருந்த ஒரேயொரு இயந்திரமும், அதைப் பார்த்துக்கொண்ட தாதிமாருமே அவரைக் காப்பாற்றினர். அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த இயந்திரத்துக்காக வெளியே வாங்கில் காத்திருந்தவர்களின் முகங்களையும் நான் பார்த்தேன். இவர் எழுந்து நடந்தால் அந்தப் பிரிவைப் பெருப்பித்துக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டேன்.

3. அறுவடை நேரம் எங்கள் சங்கப் பெண்கள் வட்டை வட்டையாக வயலில் இறங்கி, வெட்டுமெசின் நின்ற இடத்திலேயே நெல் கேட்டு வாங்கினோம். வாவியில் தொழில் செய்பவர்கள் ஒருநாள் பிடித்த இறாலைத் தந்தார்கள். பாதைப் படகில் ஏறிக் குருக்கள்மடம்வரை போய் வீடுவீடாகக் கேட்டோம். எல்லா இடத்திலும், “ஆள் எழும்பித்தாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் தந்தார்கள். அந்த மக்கள் பிழைத்த மனிதருக்காகத் தந்தார்கள் ஐயா.

4. எங்கள் பக்கத்தில் வைத்தியசாலைக்கு மின்விசிறியோ வாங்கோ கொடுப்பவர்கள், செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கோ ஆண்டுத் திவசத்துக்கோதான் பெரும்பாலும் கொடுப்பார்கள். அது எனக்கும் தெரியும். அதற்காக, தங்கள் அபிவிருத்திக் குழுச் செயலாளர் திரு. ஜொய்சன் ஒரு வார்த்தை கேட்காமல் ‘அமரர் கோணாமலை ஞாபகார்த்தமாக’ என்று கல்லில் வெட்டுவிப்பதா? நாங்கள் சேர்த்த காசில் பெருத்த பிரிவின் திறப்பு விழாவில், கல்லின் திரை விலகியபோது என் கணவர் புது வேட்டியுடன் முன்வரிசையில் இருந்தார். ‘அமரரின் குடும்பத்தினர்’ என்று ஒலிவாங்கியில் கூப்பிட்டதும், என்ன செய்வதென்று தெரியாமல் அவரே எழும்பிப் போனார். தாங்கள் அவருக்கு மாலை போட்டு, அனுதாபமும் தெரிவித்தீர்கள். எத்தனை கிழமை தங்கள் கட்டிலில் கிடந்தவர் அவர்! தாங்கள் கல்லையும் வாசிக்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை.

5. படம் பேஸ்புக்கில் போனது. மறுநாள் சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டிவிட்டார்கள். அவருடைய தங்கை ஆச்சிப்பிள்ளை வந்தாறுமூலையில் இருந்து தலைவிரி கோலமாக அழுதுகொண்டு வந்தார். படலையைத் திறந்துவிட்டதே இவர்தான். தங்கை இவரைக் கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டு, என்னை ஏசத் தொடங்கினார். ஊர் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

6. செயலாளரிடம் முறையிட்டேன். “அம்மா, பேரில பிழை இல்லத்தானே. கல்லில வெட்டினத்த இனி என்ன செய்யிற?” என்றார். நான் விடவில்லை. பிறகு, என் கணவர் உயிருடன் இருப்பதாகக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டும் என்றார். வெட்கத்தை விட்டு அதையும் வாங்கிக் கொடுத்தேன். அதன் பலனாக, ‘அமரர்’ என்ற சொல்லின்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒட்டப்பட்டது. வாசலைக் கழுவியபோது அதுவும் விழுந்துவிட்டது. மக்கள் தந்த நெல்லில் கல் வெட்டத் தெரிந்தவர்களுக்கு அதைக் கழற்றத் தெரியவில்லை.

7. இவ்வளவையும் நான் பொறுத்திருப்பேன். ஆனால் கிளினிக்குக்குப் போகும் வழி அந்தக் கல்லுக்கு முன்னால்தான் இருக்கிறது. அதைக் கடக்க மாட்டேன் என்று அவர் தொடர்ந்து கிளினிக்கைத் தவறவிட்டுவிட்டார். இரத்தம் சோதிக்கவில்லை, குளிசையும் முடிந்துவிட்டது. நான் கெஞ்சினால், “செத்தவனுக்கு என்னத்துக்கு கா மருந்து?” என்று கேட்கிறார். பகிடிக்குத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கிவிட்டன. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

8. எனவே, வருகிற புதன்கிழமைக் கிளினிக்குக்கு முன்னர் அந்தக் கல் அகற்றப்பட வேண்டும். வேறு கல் வேண்டாம், பெயரும் வேண்டாம். தாங்களே எங்கள் வீட்டுக்கு வந்து, மருந்துக்கு வரச்சொல்லி அவரைக் கேட்கவும் வேண்டும். என் சொல் அவரிடம் எடுபடவில்லை. டொக்டர் சொன்னால் கேட்பார்.

குழுக் கூட்டம், தீர்மானம், கணக்காய்வு என்று பதில் அனுப்ப வேண்டாம். புதன்கிழமை காலை அவருக்கு முன்பே நான் வருவேன். கல் அங்கே இருந்தால் அலவாங்கால் பெயர்த்தெடுப்பேன். பொலிசுக்கு இப்போதே அறிவித்து வையுங்கள். என்னைப் பிடித்துக்கொண்டு போகட்டும், அவரை மட்டும் உள்ளே விடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் பதிலுக்கு அல்ல, செயலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) கோ. சீதேவிப்பிள்ளை

இடம்: பழுகாமம்
திகதி: 11.09.2025