இடுப்புவார் பார்க்காத உயரம்

அன்பு மகளுக்கு, பெரியப்பா எழுதிக்கொள்வது. எல்லாரும் நலம் என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன், நான் நலம், உன் அப்பா பாதி நலம், நீயாவது முழு நலமாக இருக்க வேண்டும்.

வழுக்கி விழுந்தேன் என்று உன் அப்பா போனில் சொல்லியிருப்பான், நம்பாதே. பார்வை இல்லாதவர்களுக்கென்று ஒரு கம்பெனி செய்த இடுப்புவாரைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான், எதிரே ஏதாவது வந்தால் அது அதிரும். நின்றிருந்த லாரியின் பின்கதவு நெற்றி உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது, வார் மூச்சு விடவில்லை. ஏழு தையல். தெருவில் பதினேழு என்று சொல்லிவைத்திருக்கிறேன், நீ மாற்றிச் சொல்லாதே. மூன்று வாரமாக வாசற்படி தாண்டவில்லை, ஆஸ்பத்திரி டெலிபோன் வேலைக்கு எடுத்த லீவும் முடியப் போகிறது, இனி வரலைன்னு எழுதிக் குடுத்துடு அண்ணா என்கிறான்.

இதில் என் கையும் இருக்கிறது மகளே. வாரைச் செய்யும்போதே கம்பெனிக்காரர்கள் கண் தெரியாதவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உன் அப்பாவுக்கு அன்று டியூட்டி. நீ எதுக்குடா, உன் கண்ணைப் பத்தி உன்னைவிட எனக்குத் தெரியும் என்று நான் கிளம்பிவிட்டேன். குடும்பத்தார்தானே என்று என் கண்ணைத் துணியால் கட்டி நடக்கவிட்டார்கள். ஒரு நாற்காலியிலும் இடிக்காமல் மான் மாதிரி நடந்தேன், மண்டபமே எழுந்து கைதட்டியது, சரி, இரண்டு பேர் தட்டினார்கள். தலை உயரத்தையும் கவனிக்கணுமா ஐயா என்று இன்ஜினியர் பெண் கேட்டாள். காலடி போதும்மா என்று அடித்துச் சொன்னவன் நான்தான். சின்ன வயதிலிருந்து திறந்த ஜன்னல் கதவிலெல்லாம் இடித்துக்கொண்டவன் அவன், எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

நேற்று அவன் நெற்றியைத் துடைத்துவிடும்போது சொல்லிவிட்டேன், அன்னைக்குக் கண்ணைக் கட்டின துணிக்குக் கீழே ரெண்டு தடவை எட்டிப் பார்த்தேன்டா என்று. ரெண்டு தடவைதானா அண்ணா என்றான். எதையும் கூட்டியே சொல்கிற நான், இதை மட்டும் குறைத்துச் சொல்லியிருந்தேன்.

அந்த இன்ஜினியர் பெண்ணுக்கு நானே போன் செய்து உள்ளதைச் சொன்னேன். உன் அப்பாவிடமே கேட்டுக்கொள்ள இருபதாம் தேதி வீட்டுக்கே வருகிறாள். அவள் வரும்போது நீ வெளியே போயிடு என்கிறான் உன் அப்பா, சரி என்றேன். அவன் வாய் திறப்பானோ மாட்டானோ தெரியவில்லை. வேலையை விடும் கடிதம் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. பத்தொன்பதாம் தேதி மறக்காமல் போன் செய். தையலைப் பற்றிக் கேட்காதே, அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லப் போறீங்கப்பா என்று கேள். போனை நான் எடுத்தால் பேச்சை வளர்க்கவிடாதே, அவனிடம் கொடுக்கச் சொல்.

ஆசிகளுடன்,
உன் பெரியப்பா