ஜாக்கும் ஒன்பதும்

13 ஜனவரி 2025, திங்கள்

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. மூன்று மணிக்கு லப்டொப்பைத் திறந்துவிட்டேன். ஐந்து பென்ஸ், பத்து பென்ஸ் போக்கர் மேசைதான். ஆனாலும் சட்டம் சட்டம்தான். கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நல்ல கார்ட் வராவிட்டால் விட்டுவிடு. சின்ன மேசையில் ப்ளஃப் அடிக்காதே, யாரும் பயப்பட மாட்டார்கள். கொண்டுவந்த காசு இரண்டு தரம் போனால் எழும்பிப் போ. எல்லாவற்றையும் விட முக்கியம் — தோற்கிறவன் ஒருவன் இருக்கும் மேசையாகப் பார்த்து உட்கார். அவன் எழும்பும்வரை எழும்பாதே.

தயாளினி தேநீரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "காலமை பார்சல் தூக்கிறது, பின்னேரம் சூதாடுறது. நல்ல சீவியம்." சூது இல்லை, பொறுமை என்றேன். மேசையில் என் பெயரே 'டர்ட்டில்'. ஆமை. என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

22 ஜனவரி

தோற்கிறவன் கிடைத்துவிட்டான்! 'ட்ரைவர்183' என்று பெயர். தினமும் மூன்று மணிக்கு வந்துவிடுகிறான். எதையும் விடுவதில்லை, எவ்வளவு காசு ஏற்றினாலும் கூடவே வருகிறான். நல்ல கார்ட் வரும்வரை காத்திருந்து எடுக்கிறேன்.

31 ஜனவரி

மற்றவர்கள் வருவார்கள், அரை மணியில் போவார்கள். அவனும் நானும்தான் ஆறு மணிவரை. வென்ற காசில் ஈஸ்ட் ஹாமில் ஒரு குளிர் ஜக்கெற் வாங்கினேன். உழைத்து வாங்கியது போலத்தான் இருக்கிறது.

11 பெப்ரவரி

அவனைப் பற்றிக் கொப்பியில் எழுதிய குறிப்பு: ஜாக்கும் ஒன்பதும் கையில் வந்தால் வீட்டை விற்றாவது வருவான். இன்று மட்டும் மூன்று தரம். என்ன விசரோ! போக்கரில் அது சுமாரான கை. மூன்று தரமும் நான்தான் எடுத்தேன்.

12 பெப்ரவரி

வேலையில் பெட்டி தூக்கும்போது பொறி தட்டியது. ஜாக்கும் ஒன்பதும் — விசர் இல்லை, முந்நூற்றி நாலு, எங்கள் ஊர்ச் சீட்டாட்டம்! அதில் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரிது, அடுத்தது ஒன்பது. ராஜாவெல்லாம் அதற்குக் கீழே. கல்யாண வீடு, செத்த வீடு, எங்கே ஆள் கூடினாலும் பாய் விரித்து அதைத்தான் ஆடுவோம். அந்தக் கை பழகிய யாரோ எங்கள் ஆள்.

183? என் அண்ணை இருபது வருசம் ஹரோவில் ஓட்டிய பஸ்.

அவர்தான். ஐயோ, அவர்தான்.

13 பெப்ரவரி

மூன்று வருசமாகப் பேச்சில்லை. தன் மகள் கீர்த்திகாவின் கல்யாணத்துக்கு அண்ணை வீடு தேடி வந்து சொல்லவில்லை. அழைப்புக் கார்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடப் பிறந்தவனுக்கு வாட்ஸ்அப்! நான் போகவில்லை. போன ஒக்டோபரில் அண்ணி செத்தபோதும் மண்டபத்தில் கை கொடுத்துவிட்டு, பின்வரிசையில் நின்று வந்துவிட்டேன். அன்றிரவு அவரோடு யார் இருந்தார்கள்? கேட்கக்கூட இல்லை.

மனுசி செத்த மனுசனிட்ட மூண்டு கிழமையா உரிச்சு எடுத்திருக்கிறன். நானெல்லாம் ஒரு தம்பியோ?

20 பெப்ரவரி

மூன்று மணி. லப்டொப்பைத் திறக்கவில்லை.

2 மார்ச், ஞாயிறு

எல்லாவற்றையும் தயாளினியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "போய் ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ. வாட்ஸ்அப்பில அனுப்பினது அண்ணைதானே, அண்ணி இல்லையே," என்றாள். அண்ணியிடம்தான் இனிப் போய் மன்னிப்புக் கேட்க ஏலாது.

8 மார்ச், சனி

ஹரோவுக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணை நேற்றுத்தான் பிரிந்த மாதிரி "வாடா" என்றார். நன்றாக மெலிந்துவிட்டார். அண்ணியின் செருப்பு இன்னும் கதவடியில் இருக்கிறது. "நல்ல ஜக்கெற்," என்று என் தோளைத் தடவிப் பார்த்தார். கழற்றி எங்காவது எறிய வேண்டும் போலிருந்தது.

தேநீர் அவரே போட்டார். சீனி கூடிவிட்டது. பின்னேரங்களில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கொம்பியூட்டரில கார்ட்ஸ். எப்பவும் தோல்விதான்," என்று சிரித்தார். "அதில டர்ட்டில் எண்டு ஒருத்தன் வாறவன். கடும் கஞ்சன், கார்ட் வராட்டி அசையமாட்டான். ஆனா நல்ல மனுசன். மற்றவங்கள் அரை மணியில ஓடிடுவாங்கள். அவன், நான் எழும்புமட்டும் எழும்பினதே இல்லை. உன்ர அண்ணி போனாப்பிறகு பின்னேரத்தில என்னோட இருந்தது அவன் ஒருத்தன்தான். இப்ப மூண்டு கிழமையாக் காணேல்ல. சுகமில்லையோ தெரியேல்ல."

ஜக்கெற்றைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்தேன்.

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று. "நீ தேத்தண்ணியைக் குடி. அவன் வாறானோ எண்டு ஒருக்காப் பாக்கிறன்."

திரையில் என் கதிரை வெறுமையாக இருந்தது. அண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வருகிறேனா என்று அவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.