புஷ்பராணி அக்காவின் கஞ்சி

டோர்ட்மண்ட்

அன்பு மகள் தக்சாயினிக்கு,

ஒருவர் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் அழுதால் அது பழக்கமா, துக்கமா? ஒரு வாரமாக இதே கேள்விதான் என் தலைக்குள் ஓடுகிறது. நாங்கள் மூவரும் சுகம், வெலிங்டனில் குளிர் தொடங்கிவிட்டதாமே, நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்பாவின் முழங்கால் நோ பரவாயில்லை, ஆனால் டொக்டரைப் பார்க்க டெர்மின் எடுக்கச் சொன்னால் அடுத்த மாதம் பார்ப்போம் என்கிறார். தம்பி பிரவீணன் அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சிக்குப் போகும் நாட்களில் மட்டும் நேரத்துக்கு எழும்புகிறான்.

நாளைக்கு இங்கே, கடைசி யுத்தத்தில் இறந்தவர்களுக்கான மே மாத நினைவுநாள். இந்த முறை நகரசபையிலிருந்து ஆட்கள் வருவதால் எங்கள் சங்கத்து மகேந்திரராஜா அண்ணை நிகழ்ச்சிப் பொறுப்பை என்னிடம் தந்தார். "இந்த நாட்டு டொச் பாஷை நல்லாத் தெரிஞ்ச ஆள் நீங்கள்தான், ஒப்பாரி மண்டபம் எண்டு அவை நினைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றார். எனக்கும் அது பிடித்த வேலைதான். பேச்சுகளுக்குப் பின்னால் போடும் வயலின் இசையை முதலில் நிறுத்தினேன். பிறகு புஷ்பராணி அக்காவிடம் போனேன். உனக்கு அவவை நினைவிருக்கும், கடைசி யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்தவ. பதுங்குகுழியில் பிள்ளை பசிக்குது என்று சொல்ல, வரிசையில் நின்று கஞ்சி வாங்கி வந்தபோது அவன் ஷெல் பட்டு இறந்திருந்தான். வருடாவருடம் அதைச் சொல்வா, "கஞ்சி ஆறக்கூட இல்லை" என்ற இடத்தில் உடைந்துபோவா, மண்டபமே அழும். அந்த அழுகை அடங்குமுன் யாராவது ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் கட்சிக்கு அதைத் திருப்பிவிடுவார். அங்கேயும் இங்கேயும் கண்ணீரில் பதவிக்கு வந்தவர்களைக் கண்டவள் நான். இந்த நாட்டவர் தங்கள் யுத்தத்தை நினைவுகூரும்போது மலர்வளையம் வைத்து மௌனமாக நிற்பதைப் பார்த்துப் பார்த்து, அதுதான் சரி என்றும் பழகிவிட்டேன்.

அதனால் நானே ஒரு சிறு பேச்சு எழுதிக் கொடுத்தேன். பெயர், வயது, இடம், திகதி, நீதி வேண்டும் என்ற ஒரு வரி. போன வாரம் ஒத்திகையில் அக்கா அதை மெல்ல வாசித்து முடித்துவிட்டு, "எல்லாம் சரி பிள்ளை, கஞ்சியைக் காணேல்லை" என்றா. அது நகரசபை ஆட்களுக்கு விளங்காது என்றேன். "படிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியும்" என்று தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. "உங்களுக்கு மற்றவையின்ர கண்ணீர் எண்டால் பயம் அம்மா" என்று நீ ஒருமுறை சொன்னபோது கோபப்பட்டேன். பயமில்லை, வெட்கம். வெள்ளைக்காரருக்கு முன்னால் எங்கள் துக்கம் சத்தமாக இருக்கிறதே என்ற வெட்கம். அதற்கு உண்மை, நிதானம் என்றெல்லாம் பெயர் வைத்திருந்தேன் போலிருக்கிறது. நாளைக்கு நேரத்தோடு போய், கஞ்சியையும் சேர்த்து உங்கள் விருப்பப்படியே சொல்லுங்கோ அக்கா என்று கேட்கப்போகிறேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல், நினைத்த படிப்பை முடித்து, மனநிறைவோடு வாழ வேண்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. அப்பாவின் பிறந்தநாளுக்கு மறக்காமல் அழை.

அன்புடன்
அம்மா
பிரபாலினி

பி.கு.: கடிதத்தை நேற்றே தபாலில் போடவில்லை. இன்று காலை போனபோது அக்கா மண்டபத்துச் சமையலறையில் யுத்த காலத்தை நினைத்து வருடாவருடம் எல்லோருக்கும் கொடுக்கும் கஞ்சியைத் துழாவிக்கொண்டு நின்றா. சொல்ல வந்ததைச் சொன்னேன். "இனி ஏலாது பிள்ளை, ஒரு கிழமையா இருந்து பாடமாக்கிப்போட்டன், மாத்தினால் குழம்பிப்போவன்" என்றா. மேடையில் தாள் இல்லாமல், ஒரு சொல் தவறாமல், அழாமல் சொன்னா. அதையே நான் டொச்சில் வாசித்து முடித்ததும் நகரசபை ஆட்கள் கை தட்டினார்கள். நினைவுநாளில் நாங்கள் யாரும் கை தட்டுவதில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் தாங்களும் தட்டினார்கள். அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கினா. கஞ்சி வார்க்கும்போது என்னிடம் கோப்பையை நீட்டி, "பிழை ஒண்டும் விடேல்லைத்தானே?" என்று கேட்டா. ஒன்றும் இல்லை அக்கா என்றேன். கோப்பை சுட்டது. ஆறும்வரை குடிக்காமல் கையில் வைத்திருந்தேன்.