தட்டின் ஓரத்து மஞ்சள்

அக்கா,

உன் வருஷத் திவசத்துக்கு வந்திருக்கிறேன். காமயகவுண்டன்பட்டியில் ஆடிக் காற்று. கதவுகளுக்கெல்லாம் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கூடத்தில் உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. அது பறந்துவிடாமல் இருக்க நுனியில் ஒரு டம்ளர் தண்ணீர். சோறு, கறிக்குழம்பு, வடை, அதிரசம். நடுவில், உருண்டை உருண்டையாக, அவித்த முட்டையின் மஞ்சள் கரு. வெள்ளை இல்லை. மஞ்சள் மட்டும்.

அந்த வாசனைக்கு நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அவளுக்கு மஞ்சக்கருன்னா உசுருல்ல" என்றார் அத்தை, உன் மாமியார். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உனக்கு மஞ்சள் கரு பிடிக்காது. பண்ணைப்புரத்தில், நம் வீட்டில், அதை என் தட்டுக்குத் தள்ளிவிடுவாய். தொண்டைய அடைக்கிது என்பாய். அந்தக் கூடத்தில் இதை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

எல்லாம் மாமாவின், உன் வீட்டுக்காரரின், கைவலியில் தொடங்கியது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கிக் கவாத்து வெட்டும்போது தோள் இழுத்துப் பிடித்தது. கம்பத்தில் டாக்டரைப் பார்த்தார். வலி வேலையால் வந்தது, ஆனால் ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்றார் டாக்டர். செய்தி வீட்டுக்கு வருவதற்குள் ஊருக்குப் போய்விட்டது. பங்காளி ஒருவர் வாசலில் நின்றே கேட்டார்:

"ஒனக்குக் கொழுப்பு கூடிருச்சுன்னு நாங்க சொன்னப்ப நம்பல. இப்ப ரத்தத்த எடுத்துப் பாத்துச் சொல்றாகளே, இப்பவாச்சும் நம்புறியா?"

மாமா சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

அன்று மாலையே அடுப்படி மாறியது. வடைச்சட்டி பரணுக்குப் போனது. குமுளியிலிருந்து வரும் நேந்திரங்காய் வறுவல் நின்றது. குடல், ஈரல், புரோட்டா சால்னா, எல்லாம் நின்றது. உன் மகள் பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது மருந்து புகட்டிய பாலாடையைத் தேடி எடுத்து, அதில்தான் எண்ணெய் அளந்தாய். விடிவதற்கு முன் மாமாவை வாய்க்கால் கரைக்கு விரட்டினாய். "ஏங்க, கெளம்புங்க. வெயில் ஏறிருச்சுன்னா அதையே சாக்குச் சொல்லுவீக." எனக்கு மதுரையில் பல்கலைக்கழக விடுதியில் போன் வரும். பின்னணியில் மாமா செருப்பைத் தேடி முனகும் சத்தம்.

"நீயும் நடக்கலாம்ல?"

"நான் நடக்காத நடையா? அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடக்குறத நீட்டிப் போட்டா மதுரைக்கே வந்து ஒன்னையப் பாத்துட்டுத் திரும்பிருவேன்டி."

மாமாவுக்கு ஆகாது என்று சொன்ன எதுவும் அந்த வீட்டை விட்டு வெளியே போகவில்லை. விடுமுறைக்கு வந்தபோது பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோழியின் தோல் உன் சோற்றுக்குள் இருந்தது. குழம்பு ஆறியதும் மேலே கட்டும் வெள்ளை ஏட்டை அவருக்காக வழித்தெடுத்தாய். வழித்ததைக் கொட்டாமல் உன் தட்டில் பிசைந்தாய். காலையில் மாமா முட்டையைப் பிட்டு வெள்ளையை எடுத்துக்கொண்டு மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் வைப்பார். நிமிர்ந்து பார்க்க மாட்டார். உன் கை நீளும். நீயும் பார்க்க மாட்டாய். ஒரு கை இடுப்பில். நின்றபடியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து விழுங்குவாய், மாத்திரை போடுவதுபோல.

"தூக்கிப் போடுக்கா."

"ஒனக்கென்ன, விடுதியில தின்னுட்டுத் தட்டக் கழுவுறவ. கோழி வளக்குறவளுக்குத்தான் முட்டையோட அரும தெரியும். வீணாப் போகுதுல்ல."

அவர் ஒதுக்குவதும் நீ எடுப்பதும் உங்கள் இருவருக்குள் ஒரு கொஞ்சல் மாதிரி இருந்தது. எனக்குக்கூட அதைப் பார்க்கப் பிடித்திருந்தது.

மறுபடி ரத்தம் பார்த்தபோது மாமாவுக்குக் குறைந்திருந்தது. டாக்டர் சொன்னதை நீ எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாய். "வீட்டம்மாவுக்குத்தான் மார்க் போடணும்னு சொல்லிட்டாகடி." அந்த அறையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பார்க்கிறேன். மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நீ. ஜன்னல் வெளிச்சம் உன் முகத்தில். இரண்டு இமைகளிலும், மூக்கை ஒட்டி, மஞ்சள் திட்டு. டாக்டர் மாமாவின் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தத் திட்டு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கழுவினாலும் போகாத சந்தனம்போல இருந்தது. பவுடர் பூசி மறைக்கப் பார்த்தாய். அத்தை விடவில்லை. "மொகத்துல மஞ்ச நிக்கிதுடி. லச்சுமி. அதப் போயி மறைக்கிறா பாரு." அதன் பிறகு நீ மறைக்கவில்லை. திருமண வீட்டுப் படங்களில் முகத்தைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருக்கிறாய்.

போன ஆடியில் பல்வலி என்றாய்.

"கடவாப்பல்லு. தாடைக்கு இழுக்குது. மாடிப்படி ஏறுனா கூடுது."

"படி ஏறுனா எப்பிடிக்கா பல்லு வலிக்கும்?"

"எனக்கு வலிக்கிது, என்னயக் கேள்வி கேக்குற. கெராம்பு வச்சிருக்கேன். இந்தத் திராட்ச அறுப்பு முடியட்டும்."

அறுப்பு முடியவில்லை. மாமா வாய்க்கால் கரையில் நடந்துவிட்டு, வேர்வையோடு, நல்ல பசியோடு தெருவுக்குள் நுழைந்தபோதே தீய்ந்த வாடை. சட்டியில் தண்ணீர் வற்றி முட்டைகள் வெடித்துக் கிடந்தன. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நீ மேடைக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். கடைவாயில் கிராம்பு.

உன்னைக் குளிப்பாட்டி முகம் முழுக்க மஞ்சள் பூசினார்கள். இமை மஞ்சள் அந்த மஞ்சளுக்குள் போய்விட்டது. "சுமங்கலியாப் போயிட்டா. குடுத்து வச்சவ" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். மாமா சுவர் ஓரம் நின்றார். அந்த வீட்டிலேயே உடம்பு நன்றாக இருந்தவர் அன்று அவர்தான்.

தை மாதம். தேனியில், வேலைக்காக நான் தங்கியிருக்கும் அறை. கண்ணாடியில் என் இடது இமையில் அரிசி அளவுக்கு மஞ்சள். சோப்புப் போட்டேன். நகத்தால் சுரண்டினேன். சிவந்தது. மஞ்சள் அப்படியே இருந்தது.

நான் போன டாக்டர் ஒரு பெண். உட்காருவதற்கு முன்பே என் கண்ணைத்தான் பார்த்தார்.

"வீட்ல யாருக்காச்சும் இப்பிடி இருந்துச்சா?"

உன்னைச் சொன்னேன். கிராம்பைச் சொன்னேன்.

"அப்பா?"

அப்பாவைப் பற்றி நமக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். உச்சிவெயிலில் தோட்டத்துக்குப் போனார். காத்துக் கருப்பு அடித்துச் செத்துவிட்டார். நாற்பதுகூட ஆகவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

ரத்தப் பரிசோதனை வந்த பிறகு பொறுமையாக விளக்கினார். இது பிறக்கும்போதே கூட வருவது. கொழுப்பை ரத்தத்திலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு சரியாகச் செய்வதில்லை. இமையில் மஞ்சளாகப் படிவதும், இதயத்தை அடைத்து உன் தாடையில் வலியாக வந்ததும் அந்தக் கொழுப்புதான். சாப்பாட்டை மாற்ற வேண்டும், நடக்க வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது, மாத்திரையை விடவே கூடாது. மஞ்சள் கருதான் காரணமா என்று கேட்டேன். "அது மட்டும் இல்லம்மா. அவங்க வெறும் ரசஞ்சோறு சாப்பிட்டிருந்தாலும் வந்திருக்கலாம். ரத்தத்தப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

பிறகு கேட்டார்: "அக்காவுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

அன்றிலிருந்து மாமாவுக்குப் போன் செய்தேன். எடுத்தது அத்தை. ஒவ்வொரு முறையும் அத்தை. "ஆத்தாளப் பறிகுடுத்த புள்ளைக்கு ஊசியக் குத்தி இன்னொரு சீக்கக் கண்டுபிடிக்கணுமாக்கும்? பொம்பளப் புள்ளடி. வெளிய தெரிஞ்சா நாளைக்கி எவன் கட்டுவான்?" மாமா அருகில் இருப்பது மூச்சில் தெரியும். போனை வாங்க மாட்டார். பாப்பா எட்டாம் வகுப்பு. போனில் படிப்பைப் பற்றி மட்டும் பேசுவாள். நான் அவள் கண்ணைப் பற்றிக் கேட்க நினைப்பேன். கேட்க மாட்டேன்.

இன்று, இலைக்கு முன்னால், அவளை அருகில் வைத்துப் பார்த்தேன். இமை சுத்தமாக இருந்தது. உனக்கும் அந்த வயதில் சுத்தமாகத்தான் இருந்தது.

சூடம் காட்டி முடிந்தது. படையலைப் பிரித்துக் கொடுக்க அத்தை உட்கார்ந்தார். முதலில் மஞ்சள் கருவை எடுத்தார்.

"இந்தா ஆத்தா. ஒங்கம்மாவுக்குப் பிடிச்சது. நீதான் திங்கணும்."

பாப்பா வந்தாள். ஒரு கை இடுப்பில். மறு கை நீண்டது. யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. பார்த்தே வந்திருக்கிறது. மஞ்சள் கரு அவள் உள்ளங்கையில் உட்கார்ந்ததும் நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம்."

"என்னடி வேணாம்?" என்றார் அத்தை. "படையலடி அது."

"அக்காவுக்கு அது பிடிக்காது அத்தை."

"யாருக்கு?"

"அக்காவுக்கு. பிடிக்கவே பிடிக்காது. மாமா ஒதுக்குனது வீணாப் போகக் கூடாதுன்னு தின்னா."

காற்றில் கதவு ஒருமுறை செங்கல்லில் இடித்தது.

"தெனமும் தின்னதப் பாத்தவ நானு. நீ மதுரையில உக்காந்து பாத்தியாக்கும்? படிச்சிட்டா செத்தவ இலையில நின்னு வழக்குப் பேசலாமா? தெவச நாளும் அதுவுமா வந்து..."

"ஆத்தா, சும்மா இரு" என்றார் மாமா.

அவர் குரலை அன்று முழுவதும் அப்போதுதான் கேட்டேன். எழுந்து வந்தார். என்னைப் பார்த்தார்.

"பிடிக்காதா?"

அவ்வளவுதான் கேட்டார். நான் தலையாட்டினேன்.

பாப்பாவின் உள்ளங்கையிலிருந்து அதை எடுத்தார். கொஞ்ச நேரம் விரல்களுக்கு இடையில் வைத்திருந்தார். நான் குப்பைக்குப் போகும் என்று நினைத்தேன். தன் வாயில் போட்டுக்கொண்டார். நீ அடுப்படியை மாற்றிய நாளிலிருந்து அவர் தின்னாத பொருள். மென்றார். காய்ந்த மாவு மாதிரி. விழுங்க முடியவில்லை. கழுத்து நரம்பு எழும்பியது. யாருக்கும் தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை. குனிந்து, இலை நுனியில் இருந்த டம்ளரை எடுத்துக் குடித்தார்.

பாரம் போனதும் இலை எழுந்தது. ஒரே காற்று. சோறும் குழம்பும் தரையெங்கும். மஞ்சள் உருண்டைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடின. ஒரு பெண் "அய்யய்யோ, அபசகுனம்" என்றாள். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

மாமா காலி டம்ளரோடு நின்றார்.

"தொண்டைய அடைக்கிது" என்றார்.

பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே: "நாளைக்கிக் காலைல வெறும் வயித்தோட புள்ளையக் கூட்டிட்டுப் போ."

இந்த வரிகளை எழுதும்போது நான் தேனிக்குத் திரும்பிவிட்டேன். பாப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. கூடுதல்தான். மிகவும் கூடுதல். என் டாக்டர் அதைச் சொன்ன விதத்தில் பதற்றம் இல்லை. இந்த வயதிலேயே தெரிந்தது நல்லது என்றார். பயப்பட வேண்டாம், ஆனால் மறந்துவிடவும் வேண்டாம் என்றார். ஓடி விளையாடட்டும், சாப்பாடு இப்படி இப்படி, மருந்தை மதுரையில் இதய டாக்டரைப் பார்த்துத் தொடங்கலாம். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் எனக்கு மட்டும் கேட்கும்படி, "இனிமே எங்க வீட்ல முட்டை வேணாம்" என்றார். முட்டையில் ஒன்றும் இல்லை மாமா என்று சொல்ல வந்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

கம்பத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பியபோது நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். பாப்பா முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். திராட்சைப் பந்தல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"சித்தி, அம்மாவுக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"தெரியாது பாப்பா."

"ஏன்?"

"பாக்கல."

"அப்பாவுக்குப் பாத்தாகள்ல. அம்மாவும் கூடத்தான போனா. ஒரு தடவகூடவா பாக்கல?"

அவள் பஞ்சை எடுத்துப் பார்த்தாள். சின்னச் சிவப்புப் புள்ளி. காய்ந்திருந்தது. மறுபடி மூடிக்கொண்டாள்.

இப்போது என் அளவும் அவள் அளவும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உன்னுடையது இவற்றுக்கு இடையில் எங்கோ இருந்திருக்கும், அல்லது இரண்டுக்கும் மேலே. பாலாடையில் எண்ணெய் அளந்தவளுக்கு ஒரு அளவு இல்லை. நான் விடிவதற்கு முன் எழுந்து நடக்கிறேன். மாத்திரை போடுகிறேன். கண்ணாடியில் முதலில் இமையைப் பார்க்கிறேன், பிறகுதான் முகத்தை. உன் ரத்தத்தை ஒரு சொட்டுகூட யாரும் எடுத்துப் பார்க்கவில்லை அக்கா. அந்த ரத்தத்தைத்தான் நானும் பாப்பாவும் வைத்திருக்கிறோம்.