பொம்மைக்குப் போட்ட மூன்று சட்டை

நவம்பர் 18, திங்கள்

இன்று கடையில் நான் பேசியது நான்கு வார்த்தை. "சரி", "இருக்கு", "தெரியல", மறுபடியும் ஒரு "சரி". கல்லாவில் உட்காரும் அக்கா எண்ணிச் சொன்னாள். "பரவால்லடி, சனிக்கிழமைக்கு இன்னைக்கு ஒண்ணு கூடுதல்."

ஆண்கள் சட்டை மட்டும் விற்கும் கடை. எனக்குப் பின்அறை வேலை. பெட்டியைப் பிரித்து, இஸ்திரி போட்டு, மடித்து, அளவு வாரியாக அடுக்க வேண்டும். சட்டைகளோடு எனக்கு ஒரு தகராறும் கிடையாது. உள்ளே இருக்கும் மனிதர்கள்தான் பிரச்சினை. யாராவது "இதுல பெரிய சைஸ் இருக்காம்மா" என்று கேட்டால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிறது.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். மேசை இழுப்பறையைத் திறந்து, மூலையில் டீக் கறை படிந்த ஒரு அட்டையைக் காட்டினார். "விற்பனைக்கு ஆள் தேவை" என்று எழுதி வைத்திருந்தார்.

"பின்னாடி வேலைக்குன்னு தனியா ஒரு ஆள் இனிமே வச்சுக்க முடியாதும்மா. புது வருஷம் வரைக்கும் இதை ஒட்ட மாட்டேன். அதுக்குள்ள நீ முன்னாடி நின்னு பேசிட்டா, நீயே இரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அன்பாகச் சொன்னார்.

நவம்பர் 21, வியாழன்

குளிர் இறங்கிவிட்டது. அப்பா தெருவிளக்கு பழுது பார்ப்பவர். விடியும் முன்னே ஏணியில் நிற்க வேண்டும். கம்பளி உடம்பில் பட்டால் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். கனத்த கோட்டு போட்டால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது, இடுப்பு பெல்ட்டும் பூட்டாது. அதனால் ஒற்றைச் சட்டையோடு போகிறார். ராத்திரியெல்லாம் இருமல்.

"இரும்புல செஞ்ச ஆளுன்னு நினைப்பு" என்கிறாள் அம்மா.

"துருப்பிடிச்ச இரும்பு" என்கிறார் அப்பா. இருமிக்கொண்டே.

நவம்பர் 26, செவ்வாய்

பின்அறையில் ஜன்னல் சரியாக மூடாது. என் உடுப்புக்கு மேலே அப்பாவின் பழைய மெல்லிய சட்டை ஒன்றைப் போட்டிருந்தேன். அதன் மேலே இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். என்ன ஆச்சரியம், கடையின் தடித்த சட்டை ஒன்று தராத சூட்டை இரண்டு மெல்லிசு தருகிறது. நடுவில் காற்று மாட்டிக்கொள்கிறதோ?

பள்ளியில் இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டிருப்பேனா? ஒன்பதாவது பாதியில், அம்மா ஆறு மாதம் படுத்தபோது நின்றேன். அம்மா எழுந்துவிட்டாள். நான் திரும்பிப் போகவில்லை. என்னைவிடச் சின்னவர்களோடு உட்கார வெட்கம் — அவ்வளவுதான் காரணம். இங்கே மட்டும்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவின் அளவு நாற்பது. வீட்டில் இருந்த மூன்று நாற்பதையும் எடுத்து வைத்தேன். நாளைக்கு மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 27, புதன்

தோல்வி.

"கையைத் தூக்கினா மூணும் சேர்ந்து என் கழுத்தைப் பிடிக்குதும்மா. ஒரு பட்டன் தெறிச்சு, கீழே ஏணி பிடிச்சவன் மண்டையில விழுந்துச்சு. 'அண்ணே, விளக்கு உடைஞ்சுடுச்சா'ன்னு கேக்குறான்."

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்தேன். ஆனால், சூடும் இல்லையாம். மூன்று போட்டும் ஏன் சூடு இல்லை?

டிசம்பர் 2, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் பின்அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டேப்போடு உட்கார்ந்தேன். நாற்பதின் மேல் நாற்பது போட்டால் அக்குளில் துணி கசங்கிக் குவிகிறது. மற்ற இடமெல்லாம் ஒன்றோடு ஒன்று அப்பிக்கொள்கிறது. காற்றுக்கு இடமே இல்லை. உள்ளே நாற்பது, நடுவில் நாற்பத்திரண்டு, வெளியே நாற்பத்துநான்கு என்று போட்டால் இரண்டு சட்டைக்கு நடுவே என் விரல் போய் வருகிறது.

உள்ளே இருப்பது இருப்பதிலேயே மெல்லிசாக, அரைக்கையாக இருக்க வேண்டும். முழுக்கை என்றால் மணிக்கட்டில் மூன்று பட்டி சேர்ந்து பட்டன் பூட்டாது. உள்சட்டையை மட்டும் கால்சட்டைக்குள் செருக வேண்டும். வெளியே இருப்பது தடிப்பு, உள்பக்கம் பஞ்சு மாதிரி மெத்தென்ற துணி. வேர்த்தால் உடனே மேலே உள்ளதைத் திறந்துவிட வேண்டும். உள்சட்டை நனைந்தால் எல்லாம் வீண்.

பை கோணலாகத் தைத்து வந்த சட்டைகள் மூலையில் கிடந்தன. முதலாளியிடம் கேட்க வேண்டும். கேட்டேன். கேட்டேனே! மெதுவாகத்தான். "எடுத்துக்க" என்றார், தலையைத் தூக்காமல்.

டிசம்பர் 5, வியாழன்

புது அளவு மூன்று சட்டையோடு வேலைக்குப் போன அப்பா சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். கடைசியில், "நாளைக்கும் அதே மூணுதான் போடப் போறேன், துவைச்சிடாதீங்க" என்றார்.

டிசம்பர் 7, சனி

கடையில் முன்கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கு உடுப்பு மாற்றும் வேலையும் எனக்குத்தான். இன்று அதற்கும் மூன்று போட்டேன். வெள்ளை, அதன் மேல் நீலம், அதன் மேல் கட்டம் போட்ட பழுப்பு. பொம்மை ஒல்லிக்குச்சி, முன்னால் எல்லாம் தொளதொளவென்று தொங்கியது. வழக்கம்போல் முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்துக் குண்டூசி குத்தினேன், பதினோரு ஊசி. முன்னால் இருந்து பார்த்தால் ராஜா.

"நம்ம முதலாளியைவிட அழகா இருக்கான்டி" என்றாள் அக்கா.

டிசம்பர் 9, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதினால்தான் தூங்குவேன்.

கடைக்குத் தினமும் கடிதம் கொண்டுவரும் தபால்காரர் பொம்மை முன்னால் நின்றார். "அந்த மூணும் எனக்கு வேணும். சைக்கிள்ல போனா நெஞ்சுல கத்தி வச்ச மாதிரி குத்துது." அக்கா கல்லாவில் பிஸி. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"எல்லாம் நாப்பத்திரண்டு குடும்மா."

எல்லாம் நாற்பத்திரண்டு! எனக்குத் தெரியும். அப்பாவின் பட்டன் தெறித்தது தெரியும். பொம்மை முதுகில் பதினோரு ஊசி இருப்பது தெரியும். வாயைத் திறந்தேன்.

"சரி" என்றேன்.

ஒரே ஒரு "சரி". சே. நான் என்ன ஜென்மம்?

டிசம்பர் 10, செவ்வாய்

இன்று கடைக்குக் கடிதம் இல்லை. அவர் வரவில்லை.

டிசம்பர் 11, புதன்

காலையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் அவர் சைக்கிளில் போனார். ஒற்றைச் சட்டை. தோளை ஒடுக்கிக்கொண்டு ஓட்டினார். மூன்று சட்டையும் சுருட்டிய மூட்டையாகப் பின்னால் கட்டியிருந்தது. கடையைப் பார்க்கவே இல்லை. பொம்மையைப் பார்த்து ஏமாந்தோம் என்று நினைத்திருப்பார்.

துடைக்கும் துணியோடு தெருவில் இறங்கிவிட்டேன். எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

"அண்ணே!"

குரல் வந்தது. ஆனால் அவ்வளவு சத்தமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேப்பர் கடைக்காரர் திரும்பினார், ஒரு நாய் திரும்பியது, கடைசியாக அவரும் திரும்பினார்.

"சட்டை... அந்தச் சட்டை தப்புங்கண்ணே. உங்க மேல தப்பு இல்ல. வாங்க, காட்டுறேன்."

கடைக்குள் கூட்டிப்போய்ப் பொம்மையை இடுப்பைப் பிடித்துத் திருப்பினேன். முதுகெல்லாம் ஊசி. அவர் பார்த்துவிட்டு, "அட பாவமே, முன்னாடி மாப்பிள்ளை, பின்னாடி முள்ளம்பன்றி" என்றார்.

பிறகு சொன்னேன். எந்த அளவு உள்ளே, எது நடுவில், எது வெளியே. அரைக்கை ஏன், விரல் ஏன் போக வேண்டும், மேடு ஏறும்போது எதைத் திறக்க வேண்டும். என் கையைத்தான் பார்த்துக்கொண்டு பேசினேன், அவர் முகத்தை இல்லை. ஆனால் நிறுத்தவில்லை.

முதலாளி எழுந்து வந்தார். "ஒரு நாள் போட்டதை எப்படிம்மா மாத்துறது?"

"அவர் கேக்கும்போதே எனக்குத் தெரியுங்க. தெரிஞ்சும் வாயைத் திறக்கல. என் தப்பு."

முதலாளி பொம்மையின் முதுகைப் பார்த்தார். "மாத்திக் குடு" என்றார்.

அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது காதில் சொன்னாள்: "எண்ண முடியல, விட்டுட்டேன்."

டிசம்பர் 14, சனி

தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே ஒரு கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். மூன்று சட்டையோடு.

டிசம்பர் 19, வியாழன்

அவர் கடிதம் மட்டும் கொடுப்பதில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வீடு கதையும் கொடுக்கிறார். இன்று இரண்டு பேர் வந்து, "முள்ளம்பன்றி காட்டுற பொண்ணு யாரு?" என்று கேட்டார்கள். அக்கா விரலை என் பக்கம் நீட்டிவிட்டாள். காது சுட்டது. இருந்தாலும் பொம்மையைத் திருப்பிக் காட்டினேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

கம்பளி ஒத்துக்கொள்ளாத ஒரு ஆசிரியர், கூடவே அவர் மனைவி. மனைவி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு முறை அந்தம்மாவின் கண்ணைப் பார்த்தேன். கண் சாதாரணமாகத்தான் இருந்தது.

அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. அம்மா சொல்லித்தான் கவனித்தேன்.

ஜனவரி 2, வியாழன்

புது வருஷம் வந்துவிட்டது. காலையில் கடை வாசலுக்குப் போனேன். கண்ணாடிக் கதவில் அட்டை ஒட்டியிருந்தது. அதே அட்டை, மூலையில் அதே டீக் கறை.

கிட்டே போய்ப் படித்தேன். அட்டையைத் திருப்பி, மறுபக்கத்தில் எழுதியிருந்தார்: "மூன்று சட்டை போடும் முறை — உள்ளே கேட்கவும்."

முதலாளி பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "எழுத்து நேரா இருக்காம்மா?" என்றார்.

"கொஞ்சம் வலப்பக்கம் இறங்குதுங்க."

"வாய் வந்துடுச்சு" என்றார், பேப்பரைப் பார்த்து.

ஜனவரி 11, சனி

தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுத்தான் வருகிறது. அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்து, "குளிராலயா?" என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினேன்.

"பேசிப் பேசியாம்" என்றார் அப்பா. கடைப் பக்கம் விளக்கு பார்க்க வந்தபோது அக்கா சொல்லியிருக்கிறாள். "நம்ம பொண்ணுக்கு! பேசி!" தன் தடித்த சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார். அக்குளில் அவ்வளவு இடம் இருந்தது, என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிடு என்கிறாள் அம்மா. மாட்டேன் என்று இங்கே எழுதி, நோட்டைத் திருப்பி அவளிடம் காட்டினேன்.